வாரிசு இல்லாத கல்லறைகள்

டிசம்பர் பிறந்தால் எங்கள் பக்கத்து வேதக்கோயில்களுக்குள் நுழையவே பயமாக இருக்கிறது. போன வருஷம் இருந்தது இந்த வருஷம் இருக்குமா என்பது நிச்சயமில்லை. எங்கள் பக்கம் என்றால் சாத்தான்குளம், உடன்குடி, நாசரேத், திசையன்விளை என்று தேரிமணலும் பனையுமாகக் கிடக்கும் பூமி. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் இந்த ஒரு மாதத்தில்தான் பூட்டிக் கிடக்கும் வீடுகள் திறக்கும். மும்பையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் சனம் வந்து சேரும். கோயிலுக்கு வெள்ளையடிப்பார்கள், நட்சத்திரம் கட்டுவார்கள், ஆள் உயரத்துக்குப் பெட்டி பெட்டியாக ஒலிபெருக்கி அடுக்குவார்கள். அதெல்லாம் இருக்கட்டும், பண்டிகை என்றால் அப்படித்தான். ஆனால் அதற்கு முன்னோடியாகச் ‘சுத்தம் பண்ணுகிறோம்’ என்று ஒரு காரியம் செய்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இந்த முறை சுத்தம் பண்ணியது ஜேசிபி. நவம்பர் 2 கல்லறைத் திருநாள் வருகிறது, தோட்டத்தில் உடைமுள் மண்டிக் கிடக்கிறது, ஆள் வைத்து வெட்டினால் கூலி கட்டாது என்று கமிட்டியில் பேசி வண்டியைக் கூப்பிட்டார்கள். முள் போயிற்று. முள்ளோடு சேர்ந்து மதில் ஓரத்தில் இருந்த பழைய கல்லறைகளில் ஒரு வரிசை முழுவதும் போயிற்று. சுண்ணாம்புக் காரை பூசிய, முழங்கால் உயரம்கூட எழும்பாத சின்னக் கல்லறைகள். சிலவற்றில் கல்லில் பெயர் வெட்டியிருக்கும். பலவற்றில் காரை ஈரமாக இருக்கும்போதே குச்சியால் கீறிய எழுத்து. என் பூட்டி அந்த வரிசையில்தான் இருந்தாள்.

கமிட்டிக்காரரிடம் போய்க் கேட்டேன். சொந்தம்தான், சித்தப்பா முறை.

“சித்தப்பா, அதுல பேரெல்லாம் எழுதியிருந்ததே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“யாருட்டடே சொல்ல? அதுக்கெல்லாம் வாரிசு யாரு இருக்கா? நாளைக்கு நம்ம ஆளுவளுக்கு இடம் வேண்டாமா?”

“எம் பூட்டி அங்கனதான கெடந்தா.”

“அப்படியா! முன்னமே சொல்லியிருக்கணும்லா நீ.”

செத்தவள் எழுந்து வந்து கமிட்டியில் பெயர் கொடுத்திருக்க வேண்டும் போலிருக்கிறது. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், சமப்படுத்திய அதே மண்ணின் மேல் பந்தல் போட்டு, கல்லறைத் திருநாள் சாயங்காலம் மெழுகுவத்தி ஏற்றி, நம் முன்னோர்களை மறவாதிருப்போம் என்று மைக்கில் அரை மணி நேரம் பிரசங்கம் நடந்தது. நானும் தலைகுனிந்து நின்றேன். எதன் மேல் நிற்கிறோம் என்று பார்க்கத்தான்.

எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களைச் சொன்னாலே அவை எப்படி வந்தன என்று தெரிந்துவிடும். நாசரேத், மெஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், கிறிஸ்தியாநகரம், பிரகாசபுரம். 1799ல் முதலூர். சொந்த ஊரில் அடிபட்டவர்களையும் துரத்தப்பட்டவர்களையும் கூட்டிக்கொண்டு தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் உண்டாக்கிய ஊர் அது. முதல் கிறிஸ்தவ ஊர் என்பதால் அந்தப் பெயர். இப்படி வந்து குடியேறியவர்களுக்குப் பட்டா, பத்திரம், பரம்பரை என்று காட்ட ஒன்றும் கிடையாது. ஒரு ஓலைக் கோயில் இருந்தது, அதன் பக்கத்தில் கல்லறைத் தோட்டம் இருந்தது. பனையேறிகளுக்குத் தங்கள் பெயர் எழுத்தில் பதிவாவது என்பதே புதுசு. ஞானஸ்நானத்தில் ஒரு தடவை, கல்யாணத்தில் ஒரு தடவை, அடக்கத்தில் ஒரு தடவை. வசதி இருந்தால் நாலாவது தடவையாகக் கல்லில். அந்த நாலாவதைத்தான் இப்போது வண்டி வைத்து வாருகிறோம்.

கட்டடங்கள் எப்படி எழுந்தன என்பதையும் மறந்துவிட்டோம். இடையன்குடிக்குக் கால்டுவெல் 1841ல் வந்தார். 1847ல் கோயில் வேலையை ஆரம்பித்தார். பிரதிஷ்டை நடந்தது 1880ல். நடுவில் 33 வருஷம்! பணம் வரும்போது வேலை, வராதபோது நிறுத்தம். இடையிலே 1856ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்துவிட்டது, அதற்கு மேலும் கால் நூற்றாண்டு கோயில் முடியவில்லை. தாது வருஷப் பஞ்சமும் அதற்குள்தான் வந்துபோயிற்று. மெஞ்ஞானபுரத்தில் 1840களில் அடித்த புயல் இருந்த கோயிலைச் சாய்த்துப் போட்டது. அதற்குப் பிறகு எழுந்ததுதான் 192 அடிக் கோபுரத்தோடு இன்று நிற்கும் பரிசுத்த பவுல் ஆலயம். ஜான் தாமஸ் ஐயர் என்ற வெல்ஷ்காரர் கட்டினார் என்று ஒற்றை வரியில் சொல்லிவிடுகிறோம். சீமையிலிருந்து நன்கொடை வந்தது உண்மை. ஆனால் சுண்ணாம்பு அரைத்தது யார்? கருப்பட்டித் தண்ணீரும் கடுக்காய்ச் சாறும் காரையில் கலந்தது யார்? சாரத்தில் ஏறியது யார்? பனையில் ஏறத் தெரிந்தவனுக்குச் சாரம் ஒரு பொருட்டில்லை என்று என் தாத்தா பெருமையாகச் சொல்வார். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொண்டுபோய்த் தட்டிய பெண்கள் கட்டிய கோயில்கள் இவை. எங்கள் பக்கம் கைப்பிடி அரிசிக் காணிக்கை என்பது கதையில்லை, என் அம்மா காலம் வரை அடுப்படியில் அதற்கென்று தனிக் கலயம் இருந்தது.

இந்தப் பெரிய கோயில்களுக்கு ஒன்றும் ஆகாது. கால்டுவெல் 1891ல் கொடைக்கானலில் இறந்தார், உடலை இடையன்குடிக்குக் கொண்டுவந்து கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். அவர் வாழ்ந்த வீடு இப்போது அரசு நினைவில்லம். பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மாள் 1785ல் கட்டிய கோயில் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்ற பெயரில் நிற்கிறது. பெயர் பெற்ற கோயிலுக்கு யாராவது வந்து நிற்பார்கள், படம் எடுப்பார்கள், இடித்தால் பத்திரிகையில் வரும். என் கவலை, இவற்றுக்கு நடுவே கிளைச்சபை கிளைச்சபையாகக் கிடக்கும் ஊர்க் கோயில்களைப் பற்றியது. ஐயர் மாதம் ஒருமுறை வந்து திருவிருந்து கொடுப்பார், மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான். அந்த மாதிரிக் கோயிலுக்கு யார் வந்து நிற்பார்கள்?

இதில் ஒரு பழைய அநியாயமும் இருக்கிறது. 1905ல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற சிவில் சர்வீஸ் அதிகாரி சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களையெல்லாம் திரட்டி ஒரு புத்தகம் போட்டார். அரசாங்கமே அச்சிட்டது. அருமையான வேலை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் வரலாற்று முக்கியத்துவம் உள்ள கல்லறைகள் என்று அவர் எடுத்தவை பெரும்பாலும் ஐரோப்பியர்களுடையவை. காலராவில் போன துரையின் குழந்தைக்கும் அதில் இடம் உண்டு. அதே காலராவில் பாடை தூக்க ஆளில்லாமல் தெருவோடு போன நம் ஆட்களுக்கு இல்லை. சரி, வெள்ளைக்காரன் எடுத்த பட்டியல், அப்படித்தான் இருக்கும் என்று தேற்றிக்கொள்ளலாம். அவன் போய் இத்தனை காலமாயிற்றே, நாம் எடுத்த பட்டியல் எங்கே? நம் உபதேசியார்களுக்கு, கோயில்பிள்ளைகளுக்கு, பிரசவம் பார்த்த கிழவிகளுக்கு, மரத்திலிருந்து விழுந்து செத்த பனையேறிகளுக்கு?

சின்ன ஊர்தானே என்று அலட்சியம் பண்ணுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில் வெள்ளாளன்விளை என்று ஒரு சிற்றூர். அங்கே ஊழியம் பார்த்த ஐயரின் மகனாக 1874ல் பிறந்த அசரியாதான் 1912ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அந்தப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்களும் ஞாயிறு பள்ளிக்கூடத்தில் வசனம் சொல்லிக்கொடுத்தவர்களும் ஏதோ ஒரு கல்லறைத் தோட்டத்தில்தானே கிடப்பார்கள்?

கல் வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1951 ஜனவரியில் இறந்தார், இதே பனிக்காலத்தில். தன் கல்லறை மேல் கல் வைக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். வளர்த்த பிள்ளைகள் பறவைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி ஒன்றை மட்டும் அங்கே வைத்தார்கள். கமிட்டிக்காரர் ஒருவர் இதை எனக்கே எடுத்துச் சொல்லி, “அவ்வளவு பெரிய அம்மாவே கல்லு வேண்டாம்னு சொல்லிட்டாவ, உங்க பூட்டிக்கு எதுக்கு?” என்று மடக்கினார். ஐயா, அந்த அம்மாவுக்குப் புத்தகங்கள் இருக்கின்றன, அவர் உண்டாக்கிய நிலையம் இருக்கிறது, உலகம் முழுக்க வாசகர்கள் இருக்கிறார்கள். கல்லை வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியும். என் பூட்டிக்கு இருந்தது அந்தக் காரையில் கீறிய நாலு எழுத்துதான்.

இடிப்பதே தப்பு என்றும் நான் சொல்லவில்லை. இடிக்க வேண்டிய சுவர்கள் எங்கள் பக்கமே இருந்தன. வடக்கன்குளத்தில் 1872ல் கட்டிய கத்தோலிக்கக் கோயிலைப் பாருங்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து இரண்டாகப் பிரிந்து போகும் இரண்டு கூடங்கள், நடுவே சுவர். ஒரு பக்கம் ஒரு சாதி, மறுபக்கம் மற்றவர்கள். 1910ல் அந்தச் சுவரை இடித்தார்கள். எங்கள் உரிமை போயிற்று என்று ஒரு தரப்பு சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போய் வழக்காடியது, எடுபடவில்லை. அது இடிப்பு! எதை இடிக்கிறோம், எதற்காக இடிக்கிறோம் என்று தெரிந்து, வழக்கைச் சந்தித்து இடித்தது. பிரிக்கும் சுவர் இன்றும் சில கல்லறைத் தோட்டங்களில் செத்தவர்களுக்கு நடுவிலே நிற்கிறது. அதன் பக்கம் ஜேசிபி போவதில்லை. ஏழைக் கல்லறை என்றால் மட்டும் வண்டிக்கு வழி தெரிகிறது.

அடுத்து எங்கள் ஊர்க் கோயிலையே இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதென்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்டால் மூன்று காரணம் சொல்கிறார்கள். முதல் காரணம், இடம் போதவில்லை. எப்போது போதவில்லை? கிறிஸ்துமஸ் காலை ஆராதனைக்கும், டிசம்பர் 31 நடுராத்திரி ஆராதனைக்கும், அசனப் பண்டிகைக்கும். மற்ற ஞாயிறுகளில் முன்னால் நாலு பெஞ்சில் வயசானவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், பின்னால் காற்றாடி சும்மா சுற்றும். இளசுகள் எல்லாம் பிழைக்கப் போயாயிற்று. வருஷத்தில் மூன்று நாள் கூட்டத்துக்கு ஒரு பந்தல் போட்டால் ஆகாதா?

இரண்டாவது காரணம், கட்டடம் பலவீனமாகிவிட்டது, காரை உதிர்கிறது. ஏன் உதிர்கிறது என்று யாரும் கேட்பதில்லை. சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கும், வெயிலில் வெளியே விடும். அப்படித்தான் நூற்றுச் சொச்சம் வருஷம் கடற்காற்றைத் தாங்கி நின்றது. அதன் மேல் சிமெண்டைப் பூசி, அதற்கு மேல் பளபளவென்று பெயிண்டையும் அடித்தால் ஈரம் போக வழியில்லை. உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சைத் தள்ளிக்கொண்டு வருகிறது. சளி பிடித்தவன் மூக்கையும் வாயையும் பொத்திவிட்டு மூச்சு விடவில்லையே என்று அவனைக் குறை சொல்வதுபோல. மட்டப்பாவும் அப்படித்தான். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லை அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை இட்டுக் கட்டையால் அடித்து இறுக்கிய மட்டப்பா. தண்ணீர் போகும் வாயை அடைத்துக்கொண்டு மேலே ஆலங்கன்று முளைத்தால், அதை வருஷத்துக்கு ஒருமுறை பிடுங்க ஒரு ஆள் இல்லை. கன்று மரமாகிக் கட்டை இற்றபிறகு, பாருங்கள், பழசு தாங்காது என்கிறார்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் எங்கே கிடைக்கிறார் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், கிடைப்பது கஷ்டம். ஆனால் ஏசி பொருத்தத் திருநெல்வேலியிலிருந்து ஆள் வரவழைக்கத் தெரிகிறது, சுண்ணாம்புக்கு மட்டும் தேட மனம் வரவில்லை. உயரமான அந்தக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலிலும் குளிர்ச்சியாக இருக்கும். அதை இடித்துத் தாழ்வான கான்கிரீட் தளம் போட்டு, உள்ளே வேகுகிறது என்று ஏசி வைக்கப் போகிறார்கள்.

மூன்றாவது காரணத்தை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அதுதான் உண்மையான காரணம். பழைய கோயிலில் பெயர் போட இடமில்லை. புதுக்கோயில் என்றால் அடிக்கல்லில் ஒரு பட்டியல், பிரதிஷ்டைக் கல்லில் ஒரு பட்டியல், தரைக்கு ஒருவர், ஜன்னலுக்கு ஒருவர், பெஞ்சுக்கு ஒருவர், காற்றாடியின் இறக்கையில்கூட உபயம் இன்னார். கறுப்புக் கிரானைட்டில் தங்க எழுத்து. வெளிநாட்டில் மழையிலும் வெயிலிலும் கஷ்டப்பட்டுச் சம்பாதித்த காசு, ஊரில் நாலு பேர் பார்க்க வேண்டும் என்று நினைப்பது தப்பில்லை. நானும் மனுஷன்தான், என் பெயரைப் பார்த்தாலும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் பெயரின் அருமை தெரிந்த இவர்களுக்கு, அடுத்தவன் பாட்டன் பெயரை வாரிப் போடும்போது கை கூசவேண்டாமா? பிரசங்க மேடைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பழைய சலவைக்கல் உண்டு, உபதேசியார் ஒருவரின் நினைவுக்கல். இப்போது அதன் மேல் ஒலிபெருக்கிப் பெட்டியை ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள். ஆணி சரியாக வருஷத்தின் மேலேயே இறங்கியிருக்கிறது.

அரசாங்கம் ஏதாவது செய்யாதா என்று கேட்பவர்களுக்கு: தமிழ்நாட்டில் பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று ஆணையம் அமைக்க 2012ல் சட்டம் போட்டார்கள். அது நடைமுறைக்கு வர 2024 ஆயிற்று. தேவாலயங்களைப் பழுதுபார்க்க அரசு நிதியுதவியும் இருக்கிறது, கட்டடத்தின் வயது கூடக் கூடத் தொகை கூடும். ஆனால் அதிலும் 20 வருஷத்துக்கு மேற்பட்டது எல்லாம் ஒரே வகைதான். பாளையங்கோட்டைக் குளோரிந்தா கோயிலும் நேற்றைய கான்கிரீட் கூடமும் ஒரே வரிசையில் நிற்கும். அந்தக் காசு வந்தால் எங்கள் ஆட்கள் முதலில் வாங்குவது தரைக்கு டைல்ஸ் என்பது எனக்குத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலான பயம் எனக்குப் பதிவேடுகளைப் பற்றியது. கல் போனாலும், அடக்கப் பதிவேட்டில் பெயர், வயது, ஊர், தொழில், அடக்கம் செய்த தேதி, செய்த குருவானவரின் கையெழுத்து எல்லாம் இருக்கும். கோயில் உள்ளறையில் ஒரு துருப்பிடித்த பீரோவில், கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடிக்கும் காலி உண்டியலுக்கும் கீழே அது கிடக்கும். 2023 டிசம்பர் 17, 18ல் என்ன நடந்தது என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. குளம் உடைந்து, தாமிரபரணி ஊருக்குள் புகுந்து, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நடுவழியில் நின்றது. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் என்று ஒன்று வந்துபோனதே பலருக்குத் தெரியாது. சனம் உயிர் பிழைத்தால் போதும் என்றிருந்த நேரத்தில் பீரோவைப் பற்றி யார் நினைப்பார்கள்? எங்கள் ஊரில் கீழ்த்தட்டில் இருந்தவை தண்ணீரில் ஊறிப் பாளம் பாளமாக ஒட்டிக்கொண்டன. காயவைத்துப் பிரிக்கலாமா என்று பார்ப்பதற்குள் குப்பையோடு சேர்த்துக் கொளுத்திவிட்டார்கள். என் பூட்டி எந்த வருஷம் இறந்தாள் என்று இனி எந்தக் காகிதத்தைப் பார்த்தும் சொல்ல முடியாது. அந்தக் காரை எழுத்து ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதையும் இந்த நவம்பரில் வாரியாயிற்று.

டிசம்பர் 31 ராத்திரி எங்கள் கோயிலில் அந்த வருஷம் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குடும்பம் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அழும். வெளியே பனி கொட்டும், உள்ளே தேக்குக் கட்டையின் பழைய வாசம் அடிக்கும். அந்தப் பட்டியலில் என் அப்பா பெயரை வாசித்தது அந்தக் கூரைக்குக் கீழேதான். அவருடைய அப்பா பெயரையும் அங்கேதான் வாசித்திருப்பார்கள். புதுக்கோயிலிலும் வாசிப்பார்கள், எல்இடி திரையில் படத்தோடு போடுவார்கள். நன்றாகத்தான் இருக்கும். அதற்கு நான் எதிரியில்லை. ஆனால் ஒரே வருஷத்து ஞாபகம் வைத்துக்கொண்டு, போன நூற்றாண்டை ஜேசிபிக்குக் கொடுக்கிற சபையை என்னவென்று சொல்வது?

இந்த டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கேரல் பவனியை ஆளாளுக்குப் படம் பிடிக்கத்தான் போகிறீர்கள். ஒரு நாள் காலையில், வெயில் சாய்வாக விழும் நேரத்தில், கல்லறைத் தோட்டத்துக்கும் அந்த போனை எடுத்துக்கொண்டு போங்கள். மங்கிய எழுத்து அந்த வெயிலில்தான் தெரியும். ஒரு செம்புத் தண்ணீரால் கழுவிவிட்டுப் படம் எடுங்கள். கம்பியால் சுரண்டாதீர்கள், ஆசிட் ஊற்றாதீர்கள். உள்ளறை பீரோவைத் திறக்கச் சொல்லி, பதிவேட்டை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பிவையுங்கள். உங்கள் வீட்டிலேயே மூத்த கிழவியைக் கூட்டிக்கொண்டு போய், எந்தக் கல் யாருடையது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புதுக்கோயிலுக்குப் பணம் கேட்டு வந்தால், பழைய கற்களை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். பதில் வராவிட்டால் கொடுக்காதீர்கள். ஜேசிபிக்கு ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று வாடகை. காசு இல்லையென்றால் அது வராது.